குளிர் லாரி யாருக்கு?

தருமபுரி ஜில்லா பாலக்கோட்டிலும் திண்டுக்கல் ஜில்லா ஒட்டன்சத்திரத்திலும் தக்காளி விலை விழும் நாட்களில் என்ன நடக்கிறது என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போக, விளைவித்தவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறான். அல்லது கொண்டு வந்ததைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறான். பறிப்பு நின்றால் பறிக்கப் போகும் பெண்களுக்கு வேலை இல்லை. அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, பல நகரங்களில் 150 ரூபாயையும் கடந்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்று ராஜ்ய சர்க்கார் நிலைமையைச் சமாளிக்க வேண்டியிருந்தது. கோவை ஆலைத் தொழிலாளி வீட்டில் தக்காளி இல்லாத குழம்பு கொதித்தது. ஒரு மாதம் மண்ணில் கொட்டும் பண்டம், இன்னொரு மாதம் தங்கம்போல் விற்கிறது. இதில் விளைவித்தவனுக்கும் லாபமில்லை, உண்பவனுக்கும் லாபமில்லை.

இதற்கு சர்க்கார் பல வருஷங்களாகச் சொல்லிவரும் வைத்தியம் ஒன்றுண்டு. குளிர்க் கிடங்கு கட்டுங்கள், குளிர் லாரி ஓட்டுங்கள், பண்டம் கெடாது, விலை விழாது என்பதே அந்த வைத்தியம். இப்போது அதனுடன் இரண்டாவது பேச்சும் சேர்ந்திருக்கிறது. அந்த லாரி டீசல் புகை கக்கக் கூடாது, மின்சாரத்தில் ஓடவேண்டும், அதன் பெட்டிக்குள் சுற்றும் வாயு பூமியைச் சூடேற்றாத வாயுவாக இருக்கவேண்டும் என்கிறார்கள். இந்த இரண்டையும் நாம் வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். இந்தக் குளிரை யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள்?

முதலில் விஷயம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். குளிர் லாரி என்பது கனத்த சுவருள்ள ஒரு பெட்டி. அதற்கு ஒரு கம்ப்ரசர். சிறிய வண்டிகளில் வண்டியை ஓட்டும் என்ஜினே கம்ப்ரசரையும் சுழற்றும். பெரிய லாரிகளில் பெட்டியின் நெற்றியில் தனியாக ஒரு டீசல் என்ஜின் உட்கார்ந்திருக்கும். லாரி நின்றாலும் அது நிற்காது. கிடங்கு வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடந்தால் இரவெல்லாம் விட்டு விட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் புகையைக் குடிப்பவர்கள் பக்கத்து வண்டியின் அடியில் படுத்துறங்கும் கிளீனரும், மூட்டை இறக்கும் சுமைப் பணியாளரும்தான். இது ஒரு தீங்கு.

இரண்டாவது தீங்கு கண்ணுக்குத் தெரியாது. கம்ப்ரசரில் சுற்றும் வாயுவுக்கு ஹைட்ரோ புளோரோ கார்பன் என்று பெயர். லாரிகளில் வழக்கமாக இருப்பது ஆர்-404ஏ என்ற ரகம். லாரி குலுங்கக் குலுங்கக் குழாய் இணைப்புகள் தளர்ந்து வாயு கசிகிறது. இதில் ஒரு கிலோ கசிந்தால், சுமார் 3,900 கிலோ கரியமில வாயுவை ஆகாயத்தில் விட்டதற்குச் சமம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். பண்டத்தைக் குளிர வைக்கும் யந்திரம் பூமியைச் சூடேற்றுகிறது. சூடேறிய பூமியில் பண்டம் சீக்கிரம் கெடுகிறது. அதற்கு மேலும் குளிர் யந்திரம் வேண்டியிருக்கிறது.

"இதெல்லாம் படித்தவர்கள், பணக்காரர்கள் கவலை, கூலிக்காரனுக்கென்ன?" என்று நம்மிடையே சில தோழர்கள் கேட்பதுண்டு. இது தவறான அபிப்பிராயம். வெயில் ஏறினால் பங்களாவில் இருப்பவன் குளிர்சாதனத்தைத் திருகிக்கொள்வான். நடவு வயலில் குனிந்து நிற்பவள் எதைத் திருகுவாள்? வெப்பத்தினால் மட்டும் 2030-ல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும், அது 3 கோடியே 40 லட்சம் பேரின் முழு நேர வேலைக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-ல் மதிப்பிட்டது. அந்த இழப்பின் பெரும்பகுதி விவசாய வேலையிலும் கட்டட வேலையிலும் விழும் என்றும் அது சொன்னது. வேலை நேரம் போவதென்றால் நம் பாஷையில் கூலி போவது. ஆகவே புகையில்லாத லாரி நம் கோரிக்கையும்தான். அதைப் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சர்க்கார் என்ன செய்திருக்கிறது? 2019 மார்ச்சில் இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம் என்று ஒன்றை வெளியிட்டது. இருபது ஆண்டுகளில் குளிர்விப்பின் தேவையையும் அதற்காகும் மின்சாரத்தையும் வாயுவையும் கணிசமாகக் குறைப்போம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுப்போம் என்றது. 2021-ல் கிகாலி உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. அதன்படி மேற்படி வாயுக்களின் உபயோகத்தை 2032-லிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2047-க்குள் 85 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். காகிதத்தில் இவை நல்ல காரியங்கள். இவற்றை நாம் குறை கூறவில்லை.

பணம் எங்கே போகிறது என்று பார்க்கும்போதுதான் வர்க்க சுபாவம் தெரிகிறது. 2024 செப்டம்பரில் 10,900 கோடி ரூபாயில் மின்சார வாகனங்களுக்கான திட்டம் ஒன்று வந்தது. இதில் லாரிகளுக்கு ஒதுக்கியது 500 கோடி. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2025 ஜூலையில் வெளியான விதிகளின்படி தேசம் முழுவதற்கும் சுமார் 5,600 லாரிகளுக்கு மானியம். ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். மானியம் லாரியின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மூன்றரை டன்னுக்குக் குறைந்த சின்ன வண்டிக்கு அதில் இடமில்லை. காய்கறியையும் மீனையும் பாலையும் ஊருக்குள் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன வண்டிதான். சிமெண்ட், எஃகு, துறைமுகம், சரக்குப் போக்குவரத்துத் துறைகள் பயனடையும் என்று சர்க்காரே பெருமையுடன் அறிவித்தது. நல்லது, சிமெண்ட் மூட்டைக்கும் புகையில்லாத லாரி வரட்டும். தக்காளிக்கு எப்போது வரும்?

இன்னொரு நிபந்தனையையும் கவனியுங்கள். மானியம் வேண்டுமானால் பழைய டீசல் லாரி ஒன்றை உடைக்கக் கொடுத்ததற்கான சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழைக் கைமாற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். கனரக மின்சார லாரியின் விலை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போகிறது. கடனில் வாங்கிய ஒற்றைப் பழைய லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவன் அந்த லாரியை வாங்குவானா? அவன் தன் வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டுச் சான்றிதழை விற்பான். நூறு லாரி வைத்திருக்கும் கம்பெனி அதைக் காட்டி மானியம் பெறும். அவன் அதே கம்பெனியில் டிரைவராகப் போய் நிற்பான். புகை ஒழிப்பு என்ற பெயரில் சின்ன உடைமையாளனை ஒழிப்பது முதலாளித்துவத்தின் பழைய வழக்கம்தான்.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. இங்கிலாந்தில் குளிர் லாரியின் நெற்றி என்ஜினுக்கு 'சிவப்பு டீசல்' என்று சாயம் கலந்த மலிவு டீசலை ஊற்றலாம் என்ற சலுகை பல காலமாக இருந்தது. சாதாரண டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 58 பென்ஸ் வரி. சிவப்பு டீசலுக்கு 11 பென்ஸ்தான். புகைக்கு இத்தனை வருஷம் சர்க்காரே சலுகை கொடுத்து வந்தது! 2022 ஏப்ரல் 1 முதல் அந்தச் சலுகையை எடுத்தார்கள். எடுத்தது சரியே. ஆனால் வரியை மட்டும் ஏற்றி, மாற்று யந்திரத்துக்கு எளியவனின் கையைப் பிடிக்காமல் விட்டால், பணம் உள்ள கம்பெனி மின்சாரத்துக்கு மாறும்; இல்லாதவன் கூடுதல் வரியைக் கட்டுவான், அல்லது அதை உணவின் விலையில் ஏற்றுவான். இங்கே நாளை டீசல் குளிர் லாரிக்குத் தடையோ வரியோ வரும்போது இதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி விஷயத்தின் நடுமையத்துக்கு வருவோம். குளிர் லாரியைப் பற்றி ஓர் உண்மை பட்டணத்துக் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. குளிர் லாரி பண்டத்தைக் குளிர வைப்பதில்லை. ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிர் மாறாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். அதன் யந்திரத்துக்கு அவ்வளவுதான் சக்தி. உச்சி வெயிலில் பறித்த தக்காளியின் உடம்பில் வயலின் சூடு முழுவதும் இருக்கும். அதை அப்படியே பெட்டி பெட்டியாக அடுக்கிக் கதவைச் சாத்தினால், கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவிலுள்ள பெட்டி புழுங்கிக்கொண்டே இருக்கும். டீசலும் போகும், பழமும் போகும். பறித்த சில மணி நேரத்துக்குள் நிழலில் தரம் பிரித்து, கழுவி, வேகமாகச் சூடு தணித்து, பெட்டியில் அடுக்க ஓர் இடம் வேண்டும். அதுதான் சிப்பம் கட்டும் நிலையம். அது வயலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இது நம் கணக்கல்ல. சர்க்காரின் தேசியக் குளிர்த்தொடர் வளர்ச்சி மையமும் நபார்டின் ஆலோசனைக் கம்பெனியும் சேர்ந்து 2015-ல் எடுத்த கணக்கு. குளிர்க் கிடங்கு தேசத்துக்கு வேண்டியது 351 லட்சம் டன் கொள்ளளவு. அன்றே இருந்தது 318 லட்சம் டன். ஏறக்குறைய போதும். குளிர் லாரி வேண்டியது 61,826, இருந்தது 9,000. ஏழில் ஒன்று. சிப்பம் கட்டும் நிலையம் வேண்டியது 70,080, இருந்தது 249. எழுத்துப் பிழை அல்ல, தோழர்களே, இருநூற்று நாற்பத்தொன்பது! ஆயிரத்துக்கு நான்குகூட இல்லை.

இந்த மூன்று எண்களும் சொல்வதென்ன? வியாபாரி பதுக்கி வைக்கும் இடத்தில் குளிர் நிறைய இருக்கிறது. சாலையில் கொஞ்சம் இருக்கிறது. விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் நிற்கும் இடத்தில் அறவே இல்லை. இருந்த கிடங்குகளிலும் பெரும்பகுதி உருளைக்கிழங்குக் கிடங்கு, பெரும்பகுதி தனியார் சொத்து. இது தற்செயலாக நேர்ந்ததல்ல. கிடங்கில் வாடகை உண்டு, பதுக்கல் லாபம் உண்டு. ஆகவே மூலதனம் அங்கே ஓடியது. வயல் ஓரத்துக் கொட்டகையில் லாபம் என்ன கிடைக்கும்? ஆகவே ஒருவரும் வரவில்லை. லாபம் இழுக்காத இடத்துக்குப் பொதுப்பணம் போயிருக்க வேண்டும், போகவில்லை.

சர்க்கார் மானியம் கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். கொடுக்கிறது. 2017-லிருந்து நடக்கும் கிசான் சம்பதா திட்டத்தில், குளிர்த்தொடர் அமைப்பவருக்குச் செலவில் 35 சதவீதம், மலைப்பகுதி போன்ற இடங்களில் 50 சதவீதம், 10 கோடி ரூபாய் வரை மானியம் என்று வைத்தார்கள். மீதிப் பணத்தைப் போடக்கூடியவன் யார்? தோட்டக்கலை இயக்கத்திலும் குளிர் வண்டிக்கு 35 சதவீதம் உண்டு; ஆனால் அது வங்கிக் கடனுடன் கட்டிய மானியம். முதலில் கடன் கிடைக்கவேண்டும், பிறகுதான் மானியம் பின்னால் வந்து கணக்கில் ஏறும். பட்டா இல்லாத குத்தகைக்காரனுக்கு எந்த வங்கி கதவு திறக்கிறது? வேடிக்கை என்னவென்றால், இந்த மானியங்களில் டீசல் குளிர் வண்டியும் வாங்கலாம். ஒரு கையால் புகைக்குப் பணம் கொடுத்துக்கொண்டே மறு கையால் புகையை ஒழிப்போம் என்று எழுதுகிறது சர்க்கார். இடது கைக்கும் வலது கைக்கும் ஒரு மந்திரி சபைக் கூட்டத்திலாவது அறிமுகம் செய்து வைக்கலாம்.

குளிர் வைத்திருப்பவனே விலையை வைத்திருக்கிறான் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை; ரிசர்வ் வங்கியின் ஆய்வே மறைமுகமாகச் சொல்லிவிட்டது. 2024-ல் வெளியான அந்த ஆய்வின்படி, தக்காளி வாங்குபவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவருக்குப் போவது 33 பைசா, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. அந்த 33 பைசாவுக்குள்ளேதான் விதை, உரம், குத்தகை, வட்டி எல்லாம். அதன் அடியில் எங்கோ களையெடுத்தவளின் கூலியும் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கு வருஷம் முழுவதும் குளிர்க் கிடங்கு உண்டு. தக்காளிக்கு ஏறக்குறைய இல்லை. இரண்டுக்கும் விவசாயி பங்கில் வித்தியாசம் நாலு பைசா! குளிர் மட்டும் வந்தால் விவசாயி வாழ்வான் என்ற பிரசாரத்துக்கு இதைவிட நல்ல பதில் நமக்குத் தெரியவில்லை.

2020 செப்டம்பரில் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று இதே சங்கதிதான். அத்தியாவசியப் பண்டச் சட்டத்தைத் திருத்தி, காய்கனிகளின் சில்லறை விலை 100 சதவீதம் ஏறினால்தான் இருப்புக்கு வரம்பு விதிக்கலாம் என்று வைத்தார்கள். அதாவது விலை இரட்டிப்பாகும்வரை பதுக்கலாம். நாடெங்கும் விவசாயிகள் எழுந்தார்கள்; டில்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் மழையிலும் பனியிலும் உட்கார்ந்தார்கள்; 2021 நவம்பரில் சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தார்கள். அந்தச் சட்டம் நின்றிருந்தால் இன்று ஒவ்வொரு புதிய குளிர்க் கிடங்கும், ஒவ்வொரு புகையில்லாத லாரியும் யார் கையில் ஆயுதமாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குளிர்த்தொடரில் வேலை செய்பவர்களைப் பற்றி எந்தத் திட்டத்திலும் பேச்சில்லை என்பது நம் அடுத்த புகார். பெட்டிக்குள் ஐஸ்கிரீம் உறைந்து கிடக்கிறது. முன்னால் டிரைவர் வெந்து கிடக்கிறார். நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2023-ல் விதி செய்தார்கள். 2025-லிருந்து புதிதாகத் தயாராகும் லாரிகளுக்குத்தான் அது. சாலையில் ஓடும் பழைய லாரிகளுக்கு ஒன்றுமில்லை. பெட்டிக்குள் வெப்பம் எத்தனை டிகிரி என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதும் கருவி இருக்கிறது. இரண்டு டிகிரி ஏறினால் டிரைவர் சம்பளத்தில் பிடிப்பதற்கு அது சாட்சி. அதே கருவி டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்று எழுதினால் என்ன? நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று, 2025 வரை அமலில் இருந்த 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் இருந்தது, எழுதும் கருவியும் இருக்கிறது. எழுதச் சொல்ல ஆளில்லை.

இன்னொரு விஷயமும் எச்சரிக்கையுடன் பார்க்கவேண்டியது. பூமியைச் சூடேற்றாத வாயு என்றால் தொழிலாளிக்கும் தீங்கில்லாத வாயு என்று அர்த்தமில்லை. அமோனியா பூமியைச் சூடேற்றாது. ஆனால் மூச்சை அடைக்கும். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அமோனியா கசிந்து, வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் மயங்கி விழுந்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒரிஸாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு. ஆர்-404ஏக்குப் பதிலாகச் சிபாரிசு செய்யப்படும் புரோப்பேன் வாயு தீப்பிடிக்கும். அதைக் கையாளப் பயிற்சி பெற்ற மெக்கானிக் வேண்டும், கருவி வேண்டும், முகமூடி வேண்டும். சாலையோரப் பட்டறையில் பழைய வாயுவை ஆகாயத்தில் திறந்துவிட்டுப் புதிய வாயுவை அடைக்கும் பையனுக்கு, அந்த ஒரு லட்சம் பேர் பயிற்சியில் இடம் உண்டா என்று மந்திரிகள் சொல்லட்டும்.

சரி, நீங்கள் சொல்லும் மாற்று என்ன என்று கேட்கலாம். நாம் சந்திரலோகத்துத் திட்டம் எதையும் சொல்லவில்லை. நம் கண்ணெதிரே நடப்பதையே சொல்கிறோம்.

பாலைப் பாருங்கள். தக்காளியைவிடச் சீக்கிரம் கெடும் பண்டம் பால். இரண்டு மாடு வைத்திருக்கும் கூலிக்காரியின் பாலும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. கிராமத்துக்குப் பக்கத்திலேயே பெரிய தொட்டியில் 4 டிகிரிக்குக் குளிர வைக்கிறார்கள். அதை ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியில் பெரும்பாலும் குளிர் யந்திரமே கிடையாது. கனத்த இரட்டைச் சுவர் மட்டும்தான். வயல் ஓரத்தில் நன்றாகக் குளிர வைத்ததால் பல மணி நேரம் அப்படியே போய்ச் சேருகிறது. நெற்றி என்ஜினும் இல்லை, கசியும் வாயுவும் இல்லை. 1946-ல் குஜராத்தின் ஆனந்த் நகரில் தொடங்கிய சங்கம் வழிகாட்ட, 1970-லிருந்து சர்க்கார் பணம் பின்னால் நின்று நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது. ஆவினில் குறை இல்லையா? உண்டு. கொள்முதல் விலை கேட்டு உற்பத்தியாளர்கள் பாலை நிறுத்திப் போராடியதும் உண்டு. ஆனால் பாலுக்குக் கேள்வி கேட்க ஒரு சங்கம் இருக்கிறது, ஒரு விலை இருக்கிறது, ஒரு வாசல் இருக்கிறது. தக்காளிக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

தடுப்பூசியைப் பாருங்கள். தேசம் முழுவதும் சுமார் 29,000 குளிர் மையங்களைச் சர்க்காரே நடத்துகிறது. அங்கிருந்து ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமச் சுகாதார நர்ஸ் நடந்து போகிறார். மருந்து கெடாமல் குழந்தையின் கைக்கு வந்து சேருகிறது. இதைச் செய்யத் தெரிந்த ராஜ்யத்துக்குக் கத்தரிக்காயைக் கொண்டுசேர்க்கத் தெரியாதா? மனம்தான் வேண்டும்.

ரயிலைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 7-ல் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீஹாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் புறப்பட்டது. பாதிக் கட்டணம் மானியம். சிறு விவசாயியின் சில மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். மாதுளையும் வெங்காயமும் ஆயிரம் மைல் போயின. இன்று அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்சாரத்தில் ஓடுகிறது. ஒரு டன் சரக்குக்கு லாரியைவிட ரயில் செலவழிக்கும் சக்தி மிகக் குறைவு. புகையில்லாத சரக்குப் போக்குவரத்து வேண்டுமென்றால் அது தண்டவாளத்தின்மேல் தயாராக நிற்கிறது. ஆனால் அந்தப் பாதிக் கட்டண மானியத்தை நிரந்தரமாக்க மனமில்லை. ஓடியவையும் பெரும்பாலும் சாதாரண பார்சல் வேன்கள். புதிய மின்சார லாரிக்கு விளம்பரம் கிடைக்கும் அளவு ஒரு பழைய ரயில் வேனுக்குக் கிடைக்காதோ என்னவோ.

மின்சாரம் என்றால் சுத்தம் என்ற மயக்கமும் நமக்கு வேண்டாம். தேசத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியில் பிறக்கிறது. லாரியின் புகை அனல் நிலையத்தின் புகைபோக்கிக்கு இடம் மாறினால் மட்டும் போதாது. சிப்பம் கட்டும் நிலையத்தின் கூரையில் சூரிய மின்தகடு வைத்துப் பகலில் ஐஸ் கட்டி, அந்த ஐஸின் குளிரில் இரவில் பண்டம் போவது சாத்தியமே. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் உறைந்த உப்புநீர்த் தகடுகளைக் கொண்டு இதைப் பல காலமாகச் செய்துவருகிறார்கள். எளிமையான யந்திரம், உள்ளூர் மெக்கானிக் கை வைக்கக்கூடியது.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "இது விவசாயி பிரச்னைதானே" என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் அனுபவம் இங்கே தேவைப்படுகிறது. ரேஷனலைசேஷன் என்ற பெயரில் ஆலைகளில் புதிய யந்திரம் வந்த காலத்தில், நம் சங்கங்கள் யந்திரத்தை உடைக்கப் போகவில்லை. இந்த யந்திரத்தால் வேலைப்பளு கூடுமா, கூலி கூடுமா, எத்தனை பேரை வெளியே தள்ளுவாய் என்று கேட்டன. புகையில்லாத குளிர் லாரியிடமும் அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். அந்த லாரியைச் செய்பவர்கள் தொழிலாளிகள். அதன் பண்டத்தை உண்பவர்களும் தொழிலாளிகள். ஆலை காண்டீனுக்கும் தொழிலாளர் கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் விவசாயிகள் சங்கத்திடமிருந்து நேராகக் காய்கறி வாங்கவேண்டும் என்ற கோரிக்கையை உங்கள் சங்கமே நிர்வாகத்தின் முன் வைக்கலாம். அதற்கு எந்த மந்திரியின் கையெழுத்தும் தேவையில்லை.

காய்கனி, மீன் உட்பட அறுவடைக்குப் பின் ஏற்படும் நஷ்டம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் என்று நபார்டு கம்பெனியின் 2022 ஆய்வு சொல்கிறது. இதைத் தடுக்கச் செலவிடும் பொதுப்பணம் முதலில் வயல் ஓரத்துக்குப் போகட்டும் என்கிறோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் உழவர் சந்தைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களின் பேரில் சிப்பம் கட்டும் நிலையங்கள் கட்டுங்கள். அங்கே வேலைக்கு அந்தந்த ஊர் விவசாயத் தொழிலாளர்களை, முக்கியமாகப் பெண்களை, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் எடுங்கள். மின்சார வண்டி மானியத்தில் மூன்றரை டன்னுக்குக் குறைந்த குளிர் வண்டியையும் சேருங்கள். ஒற்றை வண்டிக்காரர்களின் கூட்டுறவுக்கு முதலிடம் கொடுங்கள். டீசல் குளிர் வண்டிக்குப் புதிதாக மானியம் கொடுப்பதை நிறுத்துங்கள். ஆனால் ஓடுகிற பழைய வண்டியை, மாற்று வண்டி கைக்கு வருவதற்கு முன் சாலையிலிருந்து விரட்டாதீர்கள். கிசான் ரயிலின் பாதிக் கட்டணத்தைச் சட்டபூர்வமாக நிரந்தரமாக்கிக் குளிர் வேன்களைக் கூட்டுங்கள். பொதுப்பணம் வாங்கிய ஒவ்வொரு கிடங்கும் தன் இருப்பைப் பகிரங்கமாக எழுதி வைக்கட்டும்.

இவற்றுக்குக் கையெழுத்து இயக்கம் மட்டும் போதாது. மே 1-ம் தேதி கிராம சபை கூடுகிறது. அன்று காலை கொடியேற்றிவிட்டு எல்லோரும் அங்கே செல்லவேண்டும். நம் ஊராட்சியில் நாளொன்றுக்கு எத்தனை பெட்டி தக்காளி, எத்தனை குலை வாழை, எத்தனை கூடை மீன் வெளியே போகிறது, எத்தனை கெட்டுப் போகிறது, எத்தனை பேருக்கு அதனால் வேலை போகிறது என்ற கணக்கை விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஏப்ரலுக்குள் எடுத்துவிட வேண்டும். அந்தக் கணக்குடன் தீர்மானத்தை எழுதி வாசித்து, நிறைவேற்றி, நகலை வட்டார அபிவிருத்தி அதிகாரிக்கும் ஜில்லா கலெக்டருக்கும் அனுப்புங்கள். ஒரு நகல் நமக்கும் வரட்டும். எந்த ஊர் என்ன கணக்கு எடுத்தது என்பதை இந்தப் பத்திரிகையில் வாரந்தோறும் வெளியிடுவோம்.